எட்டு இருபதுக்குப் பிறந்தவள்

தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன மருந்து கம்பெனியில் இருமல் மருந்து பாட்டில்களுக்குத் தேதி குத்துவதுதான் தனக்கொடி அக்காவின் வேலை. தயாரித்த மாதம், காலாவதியாகும் மாதம், இரண்டையும் ரப்பர் முத்திரையால் லேபிளில் குத்த வேண்டும். பதினோரு வருஷம் குத்தினார். ஒரு தடவைகூடத் தேதி மாறியதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வாராம். இதை அக்கா என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார். பெருமைப்பட அவருக்கு வேறு அதிகம் இல்லை என்பதால், நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன்.

தேதி விஷயத்தில் இவ்வளவு கறாரான மனுஷிதான் தன் மகள் பிறந்த நேரத்தை மாற்றித் தரச் சொல்லி என் கடைக்கு வந்தார். மாற்றிக் கொடுத்தவன் நான். இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் அக்காவை விட்டால் முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

என் பெயர் தேவதாஸ். முதலியார்பேட்டையில் கடலூர் ரோட்டை ஒட்டி ஜெராக்ஸ், டைப்பிங், ரயில் டிக்கெட், கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டு மாட்டிய கடை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்பு மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டுத் திங்கட்கிழமை ராகு கேதுவை அச்சடிக்கிறவன் என்று என் தங்கச்சி கிண்டல் செய்வாள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் என் பெரியப்பா அந்த போர்டைப் பார்த்துவிட்டு ‘மோன் தியே’, கடவுளே என்று பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இருந்திருந்தால் கொஞ்சமாவது பயந்திருப்பேன். பயமில்லாத ஆள் கையில் அந்த சாப்ட்வேர் இருந்ததுதான் தப்பாகிவிட்டது.

தனக்கொடி அக்கா பாகூர்ப் பக்கம் நெல் விளையும் கிராமத்துப் பெண். பதினெட்டு வயதில் தணிகாசலம் என்ற ஆலைத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தார். ஆலைக்குப் பின்னாலேயே வாடகை வீடு. ஆலைச் சங்கு ஊதினால் பாத்திரம் அதிரும், அவ்வளவு பக்கம். எண்பத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதம் இரண்டாம் தேதி, அந்த வீட்டிலேயே, காலை ஏழு மணிச் சங்கு ஊதும்போது கலைவாணி பிறந்தாள். தணிகாசலம் அன்றைக்கு வேலைக்குக் கிளம்பிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவர். சங்குச் சத்தமும் குழந்தையின் அழுகையும் ஒன்றாகக் கேட்டதில் ஷிப்டுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டாராம். வருஷா வருஷம் கலைவாணியின் பிறந்தநாளுக்குத் தவறாமல் இந்தக் கதையை அக்கா சொல்வார். தெருவில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

அக்காவின் அப்பா பேத்தி பிறந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டுபோய், பாகூரில் ஒரு ஜோசியரிடம் ஜாதகம் எழுதி வாங்கி வந்தார். ஓரத்தில் மஞ்சள் தடவிய நாற்பது பக்க நோட்டு. மீன லக்னம், அனுஷ நட்சத்திரம். கலைவாணிக்குப் பதின்மூன்று வயது ஆகும் வரைக்கும் யாரும் அதைத் திறக்கவில்லை. அந்த வருஷம்தான் தணிகாசலம் நெஞ்சுச் சளி முற்றி இறந்தார். ஆலையில் பஞ்சுத் தூசியிலேயே இருந்த மனுஷன் இருமி இருமிச் செத்ததற்கு ஜாதகம் பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் யாரோ ஒரு சொந்தக்காரி நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மகள் ஜாதகம் கொஞ்சம் கடுமை என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அன்றிலிருந்து அந்த நோட்டைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தார்.

கடுமை என்ன என்பது மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது தெரிந்தது. ஜாதகக் கட்டத்தில் லக்னத்திலிருந்து எண்ணினால் ஏழாவது வீடுதான் கல்யாண வீடு. யாரோடு வாழ்வோம், எப்படி வாழ்வோம், நிலைக்குமா நிலைக்காதா என்பதெல்லாம் அந்த ஒரு கட்டத்தில் பார்ப்பார்கள். களத்திர ஸ்தானம் என்று பெயர். கலைவாணிக்கு அந்த வீட்டில் செவ்வாயும் சனியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். செவ்வாய் இருந்தால் சண்டை, புருஷன் உயிருக்கு ஆபத்து. சனி இருந்தால் தாமதம், வறட்சி. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருஷத்தில் மூன்று இடம் அப்படித் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது இடத்தில் பையனின் அம்மா, அப்பனை முழுங்கியதும் இந்தச் செவ்வாய்தான் என்று கலைவாணியை உட்கார வைத்துக்கொண்டே சொன்னாள். கலைவாணி அப்போது இருபத்தொரு வயசுப் பெண், ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போய்க் காபி டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாளாம்.

அதற்கு மறுவாரம் அக்கா என் கடைக்கு வந்தார். இரண்டாயிரத்து மூன்று, ஐப்பசி மாதம், மழை. கடையில் வேறு ஆள் இல்லை. நோட்டைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, பிறந்த நேரத்தைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டால் கட்டம் மாறுமா என்று கேட்டார். முனிசிபாலிட்டி சர்ட்டிபிகேட்டில் தேதிதான் இருக்கிறது, நேரம் இல்லை, யாருக்கும் தெரியாது என்று அவரே யோசித்து வைத்திருந்தார்.

நான் மறுக்கவில்லை. எனக்கு அது ஒரு விளையாட்டாகப் பட்டது. ஏழரை என்று போட்டேன், மாறவில்லை. ஏழே முக்கால், மாறவில்லை. எட்டு மணிக்கு மாறியது. கட்டத்தில் கிரகம் ஒன்றுகூட அசையவில்லை, செவ்வாயும் சனியும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ‘ல’ என்று லக்னத்தைக் காட்டும் அந்த ஒற்றை எழுத்து மட்டும் மீனத்திலிருந்து மேஷத்துக்கு ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்தது. அவ்வளவுதான். எண்ணிக்கை மாறிவிட்டது. செவ்வாயும் சனியும் ஆறாம் வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள், அங்கே அவர்கள் இருப்பது நல்லதாம். ஏழாம் வீட்டில் இப்போது குரு இருந்தார். ஓரத்தில் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நானே இன்னும் இருபது நிமிஷம் கூட்டி எட்டு இருபது என்று வைத்தேன். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் கொஞ்சம் கர்வமே வந்தது.

பிரிண்டர் இருபத்திரண்டு பக்கம் தள்ளியது. பலன் பக்கத்தில், ஏழில் குரு இருப்பதால் நற்குணமும் பொறுமையும் உள்ள கணவர் அமைவார் என்று வந்திருந்தது. அக்கா அதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

அந்த ஜாதகத்துக்கு ஆறே மாதத்தில் மாப்பிள்ளை கிடைத்தார். வில்லியனூர் ராஜவேல், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர், குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சொந்த வீடு. பொருத்தம் பார்த்தவர் எங்கள் பக்கத்து ஜோசியர் கமலக்கண்ணன். நல்ல மனுஷர், கூடக் குறையச் சொல்லிக் காசு பிடுங்குகிறவர் இல்லை. அவர் அந்த நோட்டைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. என் பிரிண்ட்டைத்தான் பார்த்தார், பத்துக்கு எட்டு என்றார். வைகாசியில் கல்யாணம். இரண்டாவது பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, பெண்ணுக்கு ஏழில் குரு, தேடினாலும் கிடைக்காது என்று என்னிடமே சொன்னார். நான் வடையைக் கடித்துக்கொண்டே தலையாட்டினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வெந்நீர் அடுப்பில் அந்த மஞ்சள் நோட்டைப் போட்டு எரித்துவிட்டதாக அக்கா எனக்குப் பிறகு சொன்னார்.

ராஜவேல் குடிக்கவில்லை என்பது உண்மைதான். குடித்திருந்தால் தெளிகிற நேரமாவது இருந்திருக்கும். அவன் சந்தேகக்காரன். கடைக்குப் போய்வர எத்தனை நிமிஷம் என்று பார்ப்பான். ஷிப்டுக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவான். அவன் அம்மா மணியம்மாள் பின்வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். துணிக்கடையில் கூட வேலை செய்தவர்களில் யார் யார் ஆம்பிளைகள் என்று கேட்டு எழுதி வாங்கினானாம். முதல் தீபாவளிக்கு வந்தபோது கலைவாணி யாரோடும் பேசவில்லை, புதுப்பெண் வெட்கம் என்று நினைத்தோம். மறு வருஷம் ஆடி மாதம் ஒரு பையோடு தனியாக வந்து இறங்கினாள். இடது கை முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. திரும்பிப் போக மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில் வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் ஒன்று அழுதிருப்பார், இல்லை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வில்லியனூருக்குப் போயிருப்பார். தனக்கொடி அக்கா அரைநாள் லீவு போட்டு அந்த இருபத்திரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டு கமலக்கண்ணனிடம் போனார். அவர் பார்த்தார். புதன் தசையில் ராகு புத்தி நடக்கிறது, அதுதான் படுத்துகிறது. தை மாதம் குரு புத்தி ஆரம்பம். ஏழாம் வீட்டில் இருக்கிற குருவே புத்தி நடத்த வருகிறார், அதற்கப்புறம் அந்தப் பையன் திருந்திவிடுவான், அதுவரைக்கும் பொறுமையாக இருக்கட்டும் என்றார். தன் முன்னால் இருந்த காகிதத்துக்கு அவர் நியாயமாகத்தான் சொன்னார்.

அக்கா நேராக என் கடைக்கு வந்து, குரு புத்தி தையில் எந்தத் தேதி ஆரம்பிக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லச் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வேடிக்கையாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். வேடிக்கை இல்லை.

“அக்கா, இது நாம உக்காந்து பண்ண ஜாதகம்” என்றேன்.

“பண்றது இன்னா தம்பி, கம்ப்யூட்டர்தான குடுத்துச்சு.”

“நேரம் நாம போட்டது. எட்டு இருபது. அவ பொறந்தது ஏழு.”

“நான் வலியில கெடந்தேன். நீ வந்து கடிகாரத்தப் பாத்தியா?”

சங்குக் கதையை வருஷா வருஷம் சொன்னது யார் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கமலக்கண்ணன் இந்த ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, சின்ன வயதிலேயே அப்பா தவறியிருப்பார் என்று சரியாகச் சொன்னாராம். கல்யாணம் ஆகி வருஷத்துக்குள் கஷ்டம் என்று சரியாகச் சொன்னாராம். பொய் ஜாதகமாக இருந்தால் அதெல்லாம் எப்படிச் சரியாக வரும் என்றார். தெருவுக்கே தெரிந்ததைத்தான் அவர் சொன்னார் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அக்காவின் கை மேஜையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் போய்விட்டது. ஏழாம் வீட்டில் செவ்வாயும் சனியும் இருப்பது நிஜம் என்று ஒப்புக்கொண்டால், அதைத் தெரிந்தே மறைத்து மகளை அங்கே அனுப்பியவர் அவர்தான் என்று ஆகிவிடும். குரு இருப்பது நிஜம் என்றால் இன்னும் ஐந்து மாதம் பொறுத்தால் போதும். அவர் எதைப் பிடித்துக்கொள்வார் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்தும் பட்டனை அழுத்தினேன். தை எட்டு என்று வந்தது. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன்.

பத்து நாள் வைத்திருந்து அக்கா மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சுவரில் தேதி கிழிக்கிற காலண்டரில் தை எட்டைச் சுற்றிக் குங்குமத்தால் வட்டம் போட முடியாது, அந்த வருஷத்துக் காலண்டர் மார்கழிப் பாதியிலேயே முடிந்துவிடும். அதனால் என் பிரிண்ட்டையே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

தீபாவளிக்கு ராஜவேலும் கலைவாணியும் தலைதீபாவளிக்கு வந்த மாதிரி ஜோடியாக வந்தார்கள். அவன் மத்தியானமே கிளம்பிவிட்டான். இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று விட்டுப் போனதே பெரிய மனசு என்று அக்கா தெருவெல்லாம் சொன்னார். மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது கலைவாணி என் கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். ரீசார்ஜ் கூப்பன் வாங்க வந்தவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“மாமா, அம்மாகிட்ட இருக்கற ஜாதகம் நீங்க அடிச்சதுதான?”

ஆமாம் என்றேன்.

“அதுல எட்டு இருபதுன்னு போட்டிருக்குது. நான் ஏழு மணிக்குப் பொறந்தவ.”

நான் மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“பொய்யின்னா சொல்லிடுங்க மாமா. நான் அம்மாகிட்ட சண்ட போட மாட்டேன். அம்மா தை, தைன்றாங்க. என்னால தை வரைக்கும் முடியாது. எனக்குப் போவாம இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும், அவ்ளோதான்.”

இந்த வரிகளை நான் ஒரு சொல் மாறாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். ஞாபகம் வைத்துக்கொள்வதால் இனி யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அன்றைக்கு என் மனசில் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். பொய் என்று சொன்னால் அவள் அம்மாவிடம் போவாள். பேச்சு வெளியே வரும். ராஜவேல் வீட்டுக்காரர்கள் ஏமாற்றிக் கட்டிவைத்தீர்கள் என்று வருவார்கள், முதலில் அச்சடித்தவன் கடைக்குத்தான் வருவார்கள். கமலக்கண்ணனுக்குத் தெரிந்தால் அவர் அனுப்புகிற ஆட்கள் நின்றுபோவார்கள். இவ்வளவுதான் ஓடியது. அவள் கையைப் பற்றி, பூட்டிய வீட்டைப் பற்றி ஒன்றும் ஓடவில்லை.

“நேரம் அம்மா சொன்னதுதான்மா. எட்டு இருபது சரிதான்” என்றேன்.

சரி மாமா என்று அவள் எழுந்தாள். போகும்போது, வாசலில் யாரோ மழைக்கு விரித்து வைத்திருந்த குடை வழியை மறித்தது, அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறக்கும்போது எதிர்ப்பக்கம் வில்லியனூர் டெம்போவுக்கு அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். அக்கா ஒரு கையில் பலகாரத் தூக்கும் மறு கையில் குடையும் வைத்திருந்தார். குடை முழுக்க மகள் பக்கம்தான் இருந்தது, அக்காவின் தோள் நனைந்துகொண்டிருந்தது. ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. டெம்போ வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

அந்தக் கார்த்திகையில் மழை நிற்கவே இல்லை. ஏரியெல்லாம் உடைத்துக்கொண்ட வருஷம். வில்லியனூர் வீட்டுக்குப் பின்னால் கழனிக் கிணறு விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது. கலைவாணியை அதிலிருந்து எடுத்தார்கள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மணியம்மாள் சொன்னாள். அன்றைக்கும் வீடு வெளியே பூட்டியிருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களிடம் சொன்னார்கள், விசாரணையில் சொல்லவில்லை. விழுந்தாளா, குதித்தாளா, வேறு ஏதாவதா என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அவளுக்கு இருபத்துமூன்று வயது.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்தால் தாசில்தார் விசாரிப்பார். நான் அக்காவோடு போயிருந்தேன். பெண் ஏற்கெனவே ஒரு தடவை அடிபட்டு வந்திருக்கிறாளே, ஏன் திரும்ப அனுப்பினீர்கள் என்று அவர் கேட்டார். தை பிறந்தால் சரியாகிவிடும் என்று இருந்தது என்றார் அக்கா. எதில் இருந்தது என்று கேட்டார். ஜாதகத்தில் என்றார். அந்தப் பதிலை அவர் எழுதவில்லை. குடும்பப் பிரச்சினை, சமாதானம் செய்து அனுப்பப்பட்டது என்று எழுதிக்கொண்டார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

கேஸ் நிற்கவில்லை. ராஜவேல் ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அக்காவும் முப்பது நாள் முடிந்ததும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார். அந்த வாரம் முதல் தடவையாக ஒரு பெட்டி முழுக்கத் தேதி மாற்றிக் குத்திவிட்டாராம். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் லேபிளைக் கிழித்து ஒட்ட வைத்தாராம்.

தை எட்டாம் தேதி காலையில் அக்கா கடைக்கு வந்தார். பொங்கலுக்கு அவர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அந்தத் தேதியை நானும் மறந்திருக்கவில்லை, வருவார் என்று பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். கலைவாணி உட்கார்ந்த அதே ஸ்டூல்.

“தம்பி, அவ ஜாதகத்த இன்னொரு தரம் போடு.”

நேரம் என்ன போடட்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஏழு” என்றார். “சங்கு ஊதிக்கினு இருந்துச்சு.”

போட்டேன். ‘ல’ என்ற எழுத்து பழையபடி மீனத்துக்குத் திரும்பியது. ஏழாம் வீட்டில் செவ்வாயும் சனியும் அப்படியே காத்திருந்தார்கள். பிரிண்ட் கொடுத்துவிட்டுத் தசாபுத்திப் பக்கத்தையும் பார்த்தேன். நேரத்தை எண்பது நிமிஷம் தள்ளிப் போட்டதில் புத்திகள் எல்லாம் ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தன. நிஜ நேரத்துக்கு, குரு புத்தி ஆரம்பிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஜோசியம் நிஜமென்றே வைத்துக்கொண்டாலும், நாங்கள் அவளிடம் சொன்ன தை அவளுடைய தை இல்லை.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல இருக்குதா?” என்று கேட்டார்.

எது என்று நான் கேட்கவில்லை. இருக்கிறது என்று சொன்னால், எரித்த நோட்டில் அது இருந்தது, தெரிந்தே மறைத்தார் என்றாகும். இல்லை என்று சொன்னால், விதியும் இல்லை ஒன்றும் இல்லை, வீங்கிய கையோடு வந்த பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் என்றாகும். எந்தப் பதிலை எடுத்தாலும் அது அவர் தலையில்தான் விழும். என் தலையில் விழ வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவர் கோபம் என் மேல் திரும்பும், திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும், அவருக்குக் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்தேன். உண்மையில் என் பாரத்தைத்தான் இறக்கப் பார்த்தேன் போல.

“கலை எங்கிட்ட வந்தா அக்கா. தீபாவளிக்கு மறுநாள். எட்டு இருபது பொய்யான்னு கேட்டா. பொய்யின்னா போவாம இருந்துடுவேன்னு சொன்னா. நான் சரியான நேரந்தான்னு சொல்லிட்டேன்.”

அவர் திட்டவில்லை. ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல், சொன்னார்.

“அப்ப அவளுக்குத் தெரியும்.”

அக்கா தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார்.

“நான் சொன்ன சங்குக் கதைதான. எப்பிடித் தெரியாம இருக்கும். தெரிஞ்சேதான் எங்கூட வந்து டெம்போ ஏறினாளா?”

அன்றைக்கு மழையில் அவர்கள் நின்ற இடம் என் நாற்காலியிலிருந்தே தெரியும். அக்காவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சடித்த தாள்கள் பிரிண்டரிலேயே கிடந்தன, அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மணி என்ன என்று கேட்டார். சொன்னேன். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.